என்னைப் பராமரித்து வரும் ஆவுடைத்தாய்

தென்காசி ரதவீதி முக்கில் இருக்கிற அந்தப் புத்தகக் கடையை ஆவுடைத்தாய் எத்தனையோ வருஷமாகப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். படியேறினதில்லை. அவளுக்கு அங்கே என்ன சோலி? அன்றைக்கு ஏறினாள். ஆனி மாதம். குற்றாலத்து மலைமேல் மேகம் இறங்கிக் கிடந்தது. சாரல் தென்காசி வரைக்கும் தூவிக்கொண்டிருந்தது. நனைந்த முந்தானையை வாசலில் நின்றே பிழிந்துவிட்டு, பள்ளிக்கூட நோட்டு வாங்க வந்த கூட்டம் கலைகிற வரைக்கும் ஓரமாக ஒதுங்கி நின்றாள். கேட்க வந்ததை நாலு பேர் முன்னால் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

கடைக்காரர் துல்கர்னைன் கடையநல்லூரில் இருந்து தினமும் வந்து போகிறவர். அவளைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவராக இருப்பார். கூட்டம் கலைந்ததும் அவரே கூப்பிட்டார்.

"என்னக்கா, ரொம்ப நேரமா நிக்கீய. பேரப்பிள்ளைக்கு கைடா?"

"இல்ல பாய்." ஆவுடைத்தாய் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள். "உயிலு எழுதுததுக்குன்னு பொஸ்தகம் விக்காமே. எங்க வீட்ல அவிய வாங்கியாரச் சொன்னாவ."

துல்கர்னைன் அவள் முகத்தை ஒருதரம் பார்த்தார். ஸ்டூலைப் போட்டு ஏறி, மேல்தட்டில் இருந்து மூன்று புத்தகங்களை எடுத்துத் தூசி தட்டிக் கல்லாமேல் வைத்தார்.

"இந்தா, இது டிரஸ்ட் வைக்கவங்களுக்கு. கோயிலுக்கு, பள்ளிக்கூடத்துக்குன்னு சொத்த எழுதி வைப்பாங்கள்லா, அவங்க வாங்குதது. ஒங்களுக்கு வேண்டாம். இது பெருசு. உயிலு, தானம், புரொபேட்டு எல்லாம் இருக்கு."

"அது என்னது, புரோ...?"

"உயில் நெசமானதுதான்னு கோர்ட்ல போய்ச் சொல்லி முத்திர வாங்குதது. அதெல்லாம் மெட்ராஸ் சமாச்சாரம்க்கா. நம்ம பக்கத்துல யாரும் அதுக்கு அலையுததில்ல. இந்தப் பச்ச அட்ட இருக்கு பாருங்க, இது போதும். சின்னது. எப்படி எழுதணும்னு மாதிரி போட்டிருப்பான். பேரையும் ஊரையும் மாத்தி எழுதிக்கிட வேண்டியதுதான்."

ஆவுடைத்தாய் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படித்தவள். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். பச்சை அட்டையைப் பிரித்து, விரலை வைத்துக்கொண்டு முதல் மாதிரியை வாசித்தாள். 'என் காலத்திற்குப் பிறகு மேற்படி சொத்தை என் மனைவி சர்வ சுதந்திர பாத்தியமாய் அடைந்து அனுபவித்துக்கொள்ள வேண்டியது.' மங்குஸ்தான் தோல் உரித்து உரித்துக் கறையேறிப் போன அந்த விரல் 'மனைவி' என்ற இடத்தில் நின்றுவிட்டது. அடுத்த வரிக்குப் போக மனம் வரவில்லை.

"இதையே தாங்க பாய்," என்றாள்.

இலத்தூருக்குப் போகிற பஸ்ஸில் புத்தகத்தை மடியில் வைத்து, அதன்மேல் மருந்துப் பையை வைத்து மூடிக்கொண்டாள். புருஷன் உயிரோடு இருக்கும்போதே உயில் புத்தகம் வாங்கிக்கொண்டு போகிற பொம்பளையை ஊர் என்ன பேசும்? அவள் எழுதச் சொல்லிக் கேட்டதில்லை. அவராகத்தான் சொன்னார். போன வாரம் ஆஸ்பத்திரியில் இருந்து வந்த அன்றைக்கு, கட்டிலில் சாய்ந்த வாக்கிலேயே, "டவுனுக்குப் போனா எனக்கு ஒரு பொஸ்தகம் வாங்கியாட்டி," என்று ஆரம்பித்தார்.

அவர் பேர் கடற்கரை. சொந்த ஊர் சுரண்டை. செங்கோட்டையில் இருந்து ஆரியங்காவு, புனலூர் என்று மலைப்பாதையில் லாரி ஓட்டியே வயதைக் கழித்தவர். கடைசியில் சொந்தமாக ஒரு லோடு வண்டி வாங்கி, கேரளாவில் இருந்து பழம் ஏற்றிவந்து குற்றாலத்துக் கடைகளுக்குப் போட்டார். அப்படிப் போட்ட கடைகளில் ஒன்றுதான் ஐந்தருவி ரோட்டில் ஆவுடைத்தாய் வைத்திருந்த பழக்கடை. கல்யாணமான மறுவருஷமே புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, அண்ணன் வீட்டில் ஒரு மூலையில் கிடந்தவள் அவள். கடற்கரைக்கு அப்போதே சுரண்டையில் பேச்சித்தாய் என்று சம்சாரமும், மாரிச்செல்வம் என்று ஒரு மகனும் உண்டு. அந்த வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு, வண்டியிலேயே படுத்துக்கிடந்த காலம். இலஞ்சி குமாரர் கோயிலில் வைத்து ஆவுடைத்தாய்க்கு ஒரு தாலியைக் கட்டினார். இலத்தூரில் மூணு சென்ட் வாங்கி, ரெண்டு அறை போட்டு, அவளைக் குடிவைத்தார். மாரிச்செல்வம் சின்னவனாக இருக்கும்போது ஒவ்வொரு சீசனுக்கும் வந்து, அவள் கடையில் உட்கார்ந்து ரம்புட்டான் தின்றுவிட்டுச் சித்தி, சித்தி என்று சுற்றிவருவான். போலீஸ் வேலை கிடைத்துக் கல்யாணமும் ஆன பிறகு வருவதில்லை.

இப்போது கடற்கரைக்கு இருதயம் வீங்கிவிட்டது. காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கிறது. உப்புக் கூடாது, தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும், படியேறக் கூடாது.

"பத்திரம் எழுதுதவர்ட்டப் போனா அரமணி நேரத்துல முடிச்சிருவாரு," என்று ஆவுடைத்தாய் சொல்லிப் பார்த்தாள்.

"எவன்ட்டப் போக? ஆபீஸ் முன்னால ஒக்காந்திருக்கவன்ல ஒருத்தன் அவளுக்குச் சித்தப்பா மவன். அங்கன போய் வாயத் தொறந்தா சாயங்காலத்துக்குள்ள சுரண்டைக்குத் தெரிஞ்சிரும். பொறவு மாரி வந்து நிப்பான். எனக்குப் பேசவா தெம்பு இருக்கு? நான் பத்தாப்பு படிச்சவம்லா. பொஸ்தகத்தப் பாத்து நானே எழுதிக்கிடுதேன்."

பச்சை அட்டையை அவர் அன்றைக்குப் பகல் முழுக்க வாசித்தார். தலைமாட்டில் ரெண்டு தலையணை கொடுத்து உட்கார வைத்துவிட்டு, ஆவுடைத்தாய் அடுப்படியில் உப்பில்லாத கஞ்சி வைத்து, அதற்குத் தொட்டுக்கொள்ளப் பொரிகடலைத் துவையல் அரைத்தாள். துவையலிலும் உப்பில்லை.

"சவத்த, இத எப்படிட்டி மனுசன் திம்பான்," என்று ஒரு வாய் வைத்ததும் முகத்தைச் சுளித்தார். "பிரானூர்ல ஒரு பரோட்டாவும் கோழிச் சால்னாவும் வாங்கித் தந்துரு. தின்னுட்டு நிம்மதியாப் போயிருதேன்."

"போறதப் பத்தியே பேசுங்க."

"போறதுக்குத்தான பொஸ்தகமே வாங்கிருக்கு." சிரித்தார். சிரிப்பு மூச்சிரைப்பில் போய் முடிந்தது. இரைப்பு அடங்கின பிறகு புத்தகத்தை மூடி அவள் பக்கம் தள்ளினார். "இது ஆகாது. இதுல என் சமாச்சாரம் இல்ல."

"என்ன இல்லங்கீய?"

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "பொண்டாட்டிக்கு எழுதலாம், மவனுக்கு எழுதலாம், கூடப்பொறந்தவனுக்கு எழுதலாம்னு போட்டிருக்கான். ரெண்டு குடி இருக்கவன் எப்படி எழுதணும்னு போடல. அந்தப் பெரிய பொஸ்தகம் ஒண்ணு இருந்துச்சுன்னியே, அதுல இருக்கான்னு கேட்டுப் பாரு."

மறுநாள் ஆவுடைத்தாய் திரும்பவும் அதே படியில் ஏறினாள். இந்தத் தடவை காரணத்தைச் சொல்லாமல் முடியாது. பச்சை அட்டையைக் கல்லாமேல் வைத்துவிட்டு வெளியே மழையைப் பார்த்தபடி நின்றாள்.

"என்னக்கா, சரியில்லயா?"

"பாய், அவியளுக்கு மொதச் சம்சாரம் ஒண்ணு இருக்கு. சுரண்டைல. உயிரோடதான் இருக்காவ. தீத்துவிடல." சொல்லி முடிப்பதற்குள் காது சூடாகிவிட்டது. "நான் பின்னால வந்தவ. வீடு அவிய சம்பாத்தியத்துல கட்டுனது. அத எனக்கு எழுதணுங்காவ. அதுக்கு எந்தப் பொஸ்தகம்னு பாத்துச் சொல்லுங்க."

துல்கர்னைன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அந்த ஒன்றுக்காகவே ஆவுடைத்தாய்க்கு அவரைக் கும்பிடலாம்போல் இருந்தது. பெரிய புத்தகத்தை எடுத்துப் பொருளடக்கத்தில் விரலை ஓட்டி, நடுவில் ஒரு பக்கத்தை விரித்தார். முதலில் தனக்குள் வாசித்தார். பிறகு கொஞ்சம் தயங்கினார்.

"வாசிங்க பாய். எனக்குக் கூட்டி வாசிக்க நேரமாகும்."

"சுயசம்பாத்தியம்னா யாருக்கு வேணும்னாலும் எழுதலாம்னு போட்டிருக்கு. அதுல பிரச்சினை இல்ல." பிறகு எழுத்தில் இருந்தபடியே வாசித்தார். "'ஆனால் சட்டப்படியான மனைவி உயிருடன் இருக்கையில் வேறொரு பெண்ணை மனைவி எனக் குறிப்பிடுவது பிற்காலத்தில் வழக்குக்கு இடமளிக்கும். அப்பெண்ணைத் தன்னைப் பராமரித்து வருபவர் எனக் குறிப்பிட்டு, அவர் செய்த சேவைக்காகச் சொத்தை அளிப்பதாக எழுதுவதே உசிதம். மனைவி மக்களுக்கு இச்சொத்து ஏன் அளிக்கப்படவில்லை என்பதையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.'"

ரோட்டில் குற்றாலத்துக்குப் போகிற கார்கள் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு போயின.

"கோயில்ல வச்சுத் தாலி கட்டுனாவ பாய்," என்றாள் கடைசியில்.

"தெரியுதுக்கா. மொத அம்மா இருக்கதுனால சட்டம் அதக் கணக்குல எடுக்காது. அதான் இப்படிச் சொல்லுதான்."

"அப்போ நான் வேலக்காரியா?"

"அப்படி எழுதல. பராமரித்து வரும்னுதான்..." என்று தொடங்கிய துல்கர்னைன் அதோடு நிறுத்திக்கொண்டார். ரெண்டு புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "நான் சொல்லக் கூடாது. இந்தப் பச்ச அட்டையக் கொண்டு போயி, பெருசு தீந்து போச்சுன்னு சொன்னாலும் சரி. அண்ணாச்சி மனைவின்னு எழுதுவாரு. ஒங்க மனசுக்கு நெறவா இருக்கும். ஆனா நாளைக்கு அந்த அம்மாவும் மகனும் கேஸ் போட்டா, மனைவிங்கதே பொய், அப்போ மத்ததும் பொய்யின்னு வக்கீல் ஆரம்பிப்பான். யோசிச்சு எடுங்க."

ரெண்டையும் பார்த்துக்கொண்டு நின்றாள். பச்சை அட்டையை எடுத்தால் அவர் இந்தப் பக்கத்தைப் படிக்கவே மாட்டார். ஒருநாளாவது அவர் கையெழுத்தில், அவள் பேருக்கு முன்னால் அந்த வார்த்தை இருக்கும். அதை மடித்து வைத்துக்கொண்டு நடுரோட்டில் நிற்கலாம். அண்ணன் வீட்டுக்குத் திரும்பிப் போவது முடியாது. அண்ணனும் இல்லை, மதினி வீட்டை மகள்பேருக்கு மாற்றிக்கொண்டாள். இந்த வயசில் எங்கே போய்ப் படுப்பது? அந்த வீட்டுக்கு ஒவ்வொரு செங்கல்லும் அவள் கடையை மூடிவிட்டு வந்து எடுத்துக் கொடுத்தது. சுவர் நனைக்கத் தண்ணீர் சுமந்தது அவள்.

பச்சை அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பெரிய புத்தகத்தை எடுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு கடற்கரைக்குப் பேச்சு குறைந்துபோனது. புத்தகத்தை வாசித்தார். நடுவில் எந்தப் பக்கத்தில் நிறுத்தினார் என்று அவள் பார்த்தாள். அந்தப் பக்கம்தான். மல்லாக்கப் படுத்து, புத்தகத்தை நெஞ்சின்மேல் கவிழ்த்து வைத்துக்கொண்டு நெடுநேரம் கிடந்தார். அந்தப் பக்கத்தைக் கடைக்காரர் அவளுக்கு ஏற்கெனவே வாசித்துக் காட்டியாயிற்று என்பது அவருக்குத் தெரியாது. அவளும் சொல்லவில்லை.

"என்னங்க போட்டிருக்கான்?"

"சட்டந்தான். ஒனக்குப் புரியாது."

"எழுதிருவீயளா?"

"எழுதுவேன். வெள்ளத்தாள் வாங்கி வை."

அவள் பழக்கடைக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். அருவியில் தண்ணீர் கூடிப்போய் ஐந்தருவியில் குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். குளிக்க முடியாமல் திரும்புகிறவர்கள் பழம் வாங்கவும் நிற்பதில்லை. பக்கத்துக் கடை ஜன்னத் பேச்சுக் கொடுத்தாலும் ஆவுடைத்தாய்க்குக் காது கேட்கவில்லை. ஒரு நாள் மங்குஸ்தான் கூடையைக் கிளறிக்கொண்டே இருந்தவள் திடீரென்று கெட்டுப்போன பழம் ஒன்றை எடுத்து ஓடையைப் பார்த்து விட்டெறிந்தாள். இன்னொன்று. இன்னொன்று. நல்ல பழமும் சேர்ந்து போனது. கால் அமுக்கினவள், மூத்திரச் சட்டி எடுத்தவள், ஆஸ்பத்திரி வராந்தாவில் அட்டையை விரித்துப் படுத்தவள். இதெல்லாம் சேவையாம். பொண்டாட்டி செய்தால் அதற்குப் பேர் சேவையா?

"என்னக்கா ஆச்சு ஒனக்கு?" என்று ஜன்னத் ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"ஒண்ணுமில்லட்டி. பூராவும் அழுகல்," என்றாள் ஆவுடைத்தாய்.

வீட்டில் கட்டிலுக்கடியில் கசக்கிப் போட்ட தாள்கள் கிடந்தன. அவர் எழுதுவதும், கசக்குவதும், மூச்சு வாங்க உட்காருவதுமாக இருந்தார். கசக்கினதை எடுத்து அவள் பார்க்கவில்லை. அப்படியே பெருக்கி அடுப்பில் போட்டாள். ஒரு நாள் காலையில் அவரே சொன்னார்: "முடிஞ்சுது. சாட்சிக்கு ரெண்டு பேரு வேணும். நம்ம ஏசுதாசன் அண்ணாச்சியக் கூப்பிடு. இன்னொரு ஆளு யாரு?"

"பொஸ்தகக் கடை பாயிட்டக் கேக்கட்டா?"

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து துல்கர்னைன் பைக்கில் வந்தார். எதிர்வீட்டு ஏசுதாசன் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். மலையில் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவர், காது கொஞ்சம் மந்தம். ரெண்டு நாற்காலிதான். ரெண்டையும் கட்டில் பக்கத்தில் போட்டு, ஆவுடைத்தாய் சுக்குக் காப்பி கொடுத்தாள்.

"பதிவு பண்ணிட்டா நல்லது அண்ணாச்சி," என்றார் துல்கர்னைன். "கட்டாயம் இல்ல. ஆனாலும் நல்லது."

"ஆபீஸ் மாடியில இருக்கு பாய். ரெண்டு படி ஏறுனா நான் அங்கனயே கெடந்துருவேன். நீங்க ரெண்டு பேரும் பாக்க நான் கையெழுத்துப் போடுதேன். அது போதும்னு பொஸ்தகத்துலயே இருக்கு. என்ன எழுதிருக்குன்னு வாசிக்கேன், கேட்டுக்கிடுங்க."

சாட்சிக்காரர்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவர் யாருக்காக வாசிக்கிறார் என்று ஆவுடைத்தாய்க்குத் தெரிந்தது. அவர் முதுகுக்குத் தலையணையை அண்டக் கொடுக்கிற சாக்கில் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

கடற்கரை தாளை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு வாசித்தார். பேர், தகப்பன் பேர், ஊர். சுயநினைவோடும், பிறர் தூண்டுதல் இல்லாமலும். மூச்சு வாங்கிக்கொண்டு நிறுத்தி நிறுத்தித்தான் வாசிக்க முடிந்தது. பிறகு குரலை உயர்த்தினார்.

"'என் காலத்திற்குப் பிறகு மேற்படி வீட்டை, என் மனைவி ஆவுடைத்தாய் சர்வ சுதந்திர பாத்தியமாய் அடைந்து...'"

அவள் கண் தாளில் இருந்தது. அவர் எழுத்து எப்போதும் குண்டு குண்டாக இருக்கும், அவளுக்கு வாசிக்க லேசு. அவள் பேருக்கு முன்னால் இருந்த எழுத்துகளைக் கூட்டினாள். ப. ரா. ம. அதற்குமேல் கூட்ட வேண்டியிருக்கவில்லை. மனைவி என்கிறது மூணே எழுத்து. தாளில் இருந்தது நீளமாகப் பாதி வரியை அடைத்துக்கொண்டிருந்தது.

"பொண்டாட்டிக்குத்தான எழுதுதீரு, அதுல என்ன தகராறு வரப்போவுது," என்றார் ஏசுதாசன்.

"அதான அண்ணாச்சி," என்றார் கடற்கரை.

அவர் கையெழுத்துப் போட்டார். ஏசுதாசன் போட்டார். துல்கர்னைன் பேனாவை வாங்கிக் குனிந்தவர், கையெழுத்துப் போடுகிற இடத்துக்கு மேலே இருந்த வரியைப் பார்த்துவிட்டார். பேனா நின்றது. தலையைத் தூக்கி ஆவுடைத்தாயைப் பார்த்தார். சொல்ல வேண்டாம் என்று அவள் லேசாகத் தலையை அசைத்தாள். துல்கர்னைன் குனிந்து கையெழுத்துப் போட்டுவிட்டு, காப்பியை முழுசாகக் குடிக்காமலே எழுந்துகொண்டார்.

எல்லாரும் போன பிறகு கடற்கரை தலையணையில் சாய்ந்து கண்ணை மூடினார். வேலை செய்து களைத்த மனுசன் மாதிரி இருந்தது முகம்.

"கேட்டியாட்டி?"

"கேட்டேன்."

"இனிமே எவனும் ஒன்னைய ஒண்ணும் சொல்ல முடியாது. என் வாயாலயே ரெண்டு பேரு முன்னால சொல்லிட்டேம்லா."

"சொல்லிட்டீய."

"மனசு நெறஞ்சுதா?"

ஆவுடைத்தாய் அவர் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். வீங்கின பாதத்தை உள்ளங்கையால் நீவிவிட்டாள். "நெறஞ்சு போச்சு," என்றாள்.

ஆடி பிறந்து காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் கடற்கரை இறந்துபோனார். கஞ்சியை ஆற்றிக்கொண்டு வந்தவள் கூப்பிட்டாள், பதில் இல்லை. ஏசுதாசன்தான் மாரிச்செல்வத்துக்குப் போன் போட்டார். பொழுது சாய்வதற்குள் வண்டி வந்துவிட்டது. மாரிச்செல்வம் போலீஸ் உடுப்பைக்கூட மாற்றவில்லை. தகப்பன் காலில் விழுந்து அழுதான். எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஊருக்குக் கொண்டு போறோம்," என்று ஏசுதாசனிடம் சொன்னான். அவளிடம் சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் இருந்தது, பாத்தியதை இல்லை.

சுரண்டைக்கு ஜன்னத் துணையோடு பஸ்ஸில் போனாள். தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருந்தது. தலைமாட்டில் பேச்சித்தாய் உட்கார்ந்திருந்தாள். நரைத்த தலை, மெலிந்த உடம்பு, நெற்றி நிறையக் குங்குமம். ஆவுடைத்தாய் பெண்களுக்குப் பின்னால், சுவரோரம் நின்றாள். யாரும் விரட்டவில்லை. வா என்றும் சொல்லவில்லை. குளிப்பாட்டும்போது யாரோ ஒருத்தி, "கால் இப்படி வீங்கிக் கெடக்கே, பாக்க ஆளில்லாமயா போச்சு," என்றாள். ஜன்னத் வாயைத் திறக்கப் போனாள். ஆவுடைத்தாய் அவள் கையை அழுத்தினாள். பேச்சித்தாயின் கழுத்தில் இருந்து தாலியை வாங்கினார்கள். ஆவுடைத்தாயின் கழுத்தில் கிடந்ததை யாரும் கேட்கவில்லை. அதோடேயே பஸ் ஏறித் திரும்பி வந்தாள்.

ஆவணியில், பதினாறாம் நாள் விசேஷமெல்லாம் முடிந்த பிறகு, ஒரு காலையில் வாசலில் கார் வந்து நின்றது. மாரிச்செல்வம் இறங்கினான். பின்னால் பேச்சித்தாய். இலத்தூர் வீட்டுப்படியை அவள் மிதிப்பது அதுதான் முதல் தடவை. அறை அறையாகப் பார்த்தாள். கட்டிலைப் பார்த்துக் கொஞ்சநேரம் நின்றாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"வீடு அப்பா பேர்ல இருக்கு," என்றான் மாரிச்செல்வம் நின்ற வாக்கிலேயே. "அத மாத்தணும். அதுக்குத்தான் வந்தோம்."

ஆவுடைத்தாய் பீரோவைத் திறந்து தாளை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். அவன் விரித்துப் பார்த்தான். முகம் இறுகியது. "ரிஜிஸ்டர் பண்ணலயே இது."

"என்னலே அது?" என்றாள் பேச்சித்தாய்.

"உயில்மா. வீட்ட இவங்களுக்கு எழுதிருக்காரு."

"யாரு எழுதுனது? எவனாவது எழுதிக் கையெழுத்து வாங்கிருப்பான்."

"அப்பா கையெழுத்துதான். பூராவும் அப்பா எழுதுனதுதான்." அவன் குரல் கொஞ்சம் தளர்ந்தது. சின்ன வயசில் அவன் பார்த்து எழுத ஏட்டில் மேல்வரி எழுதிக் கொடுத்த கையெழுத்து.

"வாசி. உள்ளது உள்ளபடி வாசி."

ஸ்டேஷனில் வாக்குமூலம் வாசிக்கிற குரலில் அவன் வாசித்தான். "'என் மனைவி பேச்சித்தாய்க்கும் என் மகன் மாரிச்செல்வத்திற்கும் சுரண்டையில் உள்ள பூர்வீக வீடும் நிலமும் சேர்வதால், இந்த வீட்டை அவர்களுக்கு அளிக்கவில்லை. என் காலத்திற்குப் பிறகு மேற்படி வீட்டை, என்னைப் பராமரித்து வரும் ஆவுடைத்தாய் என்பவருக்கு, அவர் எனக்குச் செய்த சேவைக்காக...'"

ஆவுடைத்தாய் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியும். மனைவி என்ற அந்த வார்த்தை தாளில் வேறொரு இடத்தில் இருக்கும் என்று தெரியாது. அன்றைக்கு அவர் அந்த வரியை வாசிக்காமல் தாண்டிவிட்டிருந்தார்.

"மொத வரிய இன்னொரு தடவ வாசி," என்றாள் பேச்சித்தாய்.

"'என் மனைவி பேச்சித்தாய்க்கும்...'"

"இன்னொரு தடவ."

வாசித்தான். பேச்சித்தாய் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. சாவு வீட்டில்கூட அவள் அப்படி அழுது ஆவுடைத்தாய் பார்க்கவில்லை.

"வக்கீல்ட்டக் காட்டிப் பாப்போம்மா," என்றான் மாரிச்செல்வம்.

"ஒண்ணும் வேண்டாம்லே. என்னைய என்னன்னு எழுதணுமோ அத எழுதிட்டாரு. பாத்துக்கிட்டவளுக்குக் கூலி குடுத்திருக்காரு. கெடக்கட்டும். நீ போய் வண்டிய எடு."

அவன் தயங்கினான். தாளை மடித்து ஆவுடைத்தாயிடம் நீட்டினான். அவள் முகத்தை நேராகப் பார்க்காமல், "வாரேன் சித்தி," என்று சொல்லிவிட்டு வெளியே போனான்.

பேச்சித்தாய் எழுந்திருக்கவில்லை. கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்கலாமா வேண்டாமா என்று மல்லாடுவது ஆவுடைத்தாய்க்குத் தெரிந்தது.

"ஏளா."

"சொல்லுங்கக்கா."

"கடைசில, முடியாமக் கெடக்கயில, என்னையப் பத்தி ஏதும் கேட்டாரா?"

கேட்கவில்லை. எத்தனையோ வருஷமாக அந்தப் பேரையே அவர் எடுத்ததில்லை. எடுக்க வேண்டிய இடத்தில் எல்லாம் 'அவ' என்று சொல்லிக் கடந்துபோவார். பாத்துக்கிட்டவளுக்குக் கூலி என்று இப்போதுதான் இவள் வாயில் இருந்து வந்தது. உள்ளதைச் சொன்னால் போதும், இவள் இந்த நாற்காலியிலேயே உடைந்துபோவாள். ஆவுடைத்தாய் அந்த நரைத்த தலையையும், குங்குமம் இல்லாத நெற்றியையும் பார்த்தாள்.

"கேட்டாவ," என்றாள். "கடைசி ரெண்டு நாளும் ஒங்க நெனப்புத்தான். பேச்சி வந்தாளா, பேச்சி வந்தாளான்னு கேட்டுக்கிட்டே கெடந்தாவ."

பேச்சித்தாய் நிமிர்ந்து பார்த்தாள்.

"பேச்சியா?"

"ஆமாக்கா."

"அவரு என்னைய ஒரு நாளும் பேச்சின்னு கூப்பிட்டதில்லளா. தாயின்னுதான் கூப்பிடுவாரு. தாயி, ஏ தாயின்னு."

வெளியே மாரிச்செல்வம் காரைத் திருப்புகிற சத்தம் கேட்டது. ஆவுடைத்தாய் தலையைக் குனிந்துகொண்டாள். பேச்சித்தாய் கையூன்றி எழுந்தாள். நடந்துபோகும்போது பக்கத்தில் வந்து, என்ன நினைத்தாளோ, ஆவுடைத்தாயின் முழங்கையை ஒருதரம் பிடித்தாள்.

"இருக்கட்டும். நீ சொன்னதே போதும்," என்றாள்.

கார் போன பிறகு ஆவுடைத்தாய் கதவைச் சாத்தினாள். முன்னறையில் நின்றாள். அடுப்படிக்குப் போனாள். திரும்ப வந்தாள். வீடு இனி அவளுடையது, கேட்க ஆளில்லை. அதற்குள்ளே எந்த இடத்தில் போய் உட்கார்ந்து அழுவது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.